கவட்டில் முளைக்கும் குமிழ்: ரத்த ஓட்டமும் மூளைத் தமனி வீக்கமும்

தலைசுற்றலுக்காகச் சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவருக்கு, யாரும் தேடாத ஒன்று அந்தப் படத்தில் அகப்படுவதுண்டு. மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் 4 மி.மீ. அளவில் ஒரு குமிழ். மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். அது வெடிக்கவில்லை, வலிக்கவும் இல்லை. தலைசுற்றலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். அவர் ஏற்காட்டுக்காரர் என்றால் மருத்துவரிடம் என்ன கேட்பார் என்று ஊகிப்பது கடினமல்ல: இது ஏன் வந்தது, எப்போது வெடிக்கும், மலைக்குத் திரும்பிப் போகலாமா, காப்பி குடிக்கலாமா?

பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2011இல் வெளியான மதிப்பீடு, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு இத்தகைய குமிழ் இருப்பதாகக் கணித்தது. அவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் சும்மா இருந்துவிடுகின்றன. வெடிப்பவை மூளையைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் ரத்தத்தைக் கொட்டுகின்றன. அப்படி வெடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறக்கிறார். சும்மா இருக்கும் குமிழுக்கும் வெடிக்கும் குமிழுக்கும் உள்ள வேறுபாட்டை ரத்தம் ஓடும் விதத்திலும் குழாயின் வடிவத்திலும் தேடும் முயற்சி கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. குமிழ் எங்கே முளைக்கும் என்பதை ஓட்டமும் வடிவமும் நன்றாகவே விளக்குகின்றன. எப்போது வெடிக்கும் என்பதை மிகக் கொஞ்சமாகவே விளக்குகின்றன என்பது என் வாதம். முன்னதில் கிடைத்த வெற்றியைப் பின்னதற்கும் நீட்டியதில்தான் இத்துறையின் குழப்பங்கள் பலவும் தொடங்குகின்றன.

மோதலா, உராய்வா?

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வேகமாக இறங்கும் லாரி கட்டுப்பாட்டை இழந்தால் வளைவின் வெளிப்பக்கத் தடுப்புச் சுவரைத்தான் இடிக்கும். கழுத்திலிருந்து மண்டையோட்டுக்குள் நுழையும் உட்கழுத்துத் தமனியும் இப்படித்தான் அடுத்தடுத்து மடிந்து மூளையை அடைகிறது. அங்கே ரத்தம் வெளிச்சுவரில் மோதி மோதி அதைத் தேய்த்துவிடுகிறது, தேய்ந்த இடம் புடைக்கிறது என்று விளக்குவது வழக்கம். கேட்பவருக்குச் சட்டென்று புரியும் விளக்கம்தான். ஆனால் பாதிதான் சரி.

சரியான பாதி இது. வளைந்த குழாயில் வேகமான ஓட்டம் வெளிச்சுவரை நோக்கி ஒதுங்கும். ஓட்டத்தின் குறுக்கே இரட்டைச் சுழல்கள் எழும். ஆங்கிலக் கணிதவியலர் டபிள்யூ. ஆர். டீன் 1927இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். வளைவுகளில் தோன்றும் குமிழ்கள் பெரும்பாலும் வெளிப்பக்கத்திலேயே இருப்பது இதோடு பொருந்துகிறது.

தவறான பாதியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மூளைத் தமனிகளில் இதயத்துடிப்பின் உச்சத்தில் ரத்தத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். அந்த வேகத்தில் வரும் ரத்தம் சுவரில் மோதி முழுவதும் நின்றுவிடுவதாகவே வைத்துக்கொள்வோம். அதனால் கூடும் அழுத்தம் 530 பாஸ்கல். அதாவது 4 மி.மீ. பாதரசம். அந்தச் சுவரோ ஒவ்வொரு துடிப்பிலும் 120 மி.மீ. அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கு ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்தால் வரும் வித்தியாசமே 4 மி.மீ.யைத் தாண்டிவிடும். மோதலின் பலத்தால் சுவர் இற்றுப்போகிறது என்ற கதை இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

எஞ்சுவது உராய்வு. ஒவ்வொரு பக்கத்து உட்கழுத்துத் தமனியிலும் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ரத்தம் ஓடுகிறது. உள்விட்டத்தை 4.5 மி.மீ. என்று கொண்டால் சராசரி வேகம் நொடிக்கு 26 செ.மீ. நேர்க்குழாய்க்கான சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் சுவரின் மேல் ரத்தம் இழைந்து செல்லும் உராய்வு 1.6 பாஸ்கல் என்று வருகிறது. சராசரி ரத்த அழுத்தம் 12,000 பாஸ்கலுக்கு மேல். அதன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான விசை எந்தச் சுவரையும் கிழிக்காது.

ஆனால் தமனியின் உட்பரப்பில் ஒற்றை வரிசையாகப் படிந்திருக்கும் செல்கள் இந்தச் சிறு விசையை உணர்கின்றன. ஓட்டத்தின் திசையில் நீண்டு படுக்கின்றன. உராய்வு கூடினால் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கச் செய்கின்றன. குறைந்தால் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. உராய்வு 1.5 பாஸ்கலுக்கு மேல் சீராக இருக்கும் இடங்களில் தமனி நலமாக இருப்பதாக 1999இல் மாலெக்கும் உடனாசிரியர்களும் தொகுத்துக் காட்டினார்கள். உடலும் அந்த அளவைக் காக்கும்படியே குழாய்களை அமைத்திருக்கிறது. தாய்க்குழாயின் ஆரத்தின் கனம், கிளைகளின் ஆரங்களின் கனங்களைக் கூட்டினால் வருவதற்குச் சமம் என்று 1926இல் சிசில் மர்ரி வகுத்தார். 4 மி.மீ. குழாய் இரு சம கிளைகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.2 மி.மீ. இருக்க வேண்டும். இந்த விகிதம் அமைந்த இடத்தில் தாய்க்குழாயிலும் கிளைகளிலும் உராய்வு ஒன்றே. சுவரைப் பழுதாக்குவது ரத்தமல்ல. ரத்தம் தரும் செய்தியைக் கேட்டுச் செல்களே சுவரை மாற்றியமைக்கின்றன. லாரி உவமைக்கு இதில் இடமில்லை.

கவட்டின் நுனியில்

மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைவதைத் தாமஸ் வில்லிஸ் 1664இல் விவரித்தார். அந்நூலுக்குப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர் பின்னாளில் லண்டனின் செயின்ட் பால் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென். கட்டடக் கலைஞர் ஒருவர் இதை வரைந்தது பொருத்தம்தான். பெரும்பாலான குமிழ்கள் இந்த வளையத்திலும் அதையொட்டிய கவடுகளிலும்தான் தோன்றுகின்றன.

கவட்டின் நுனியை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்ப்போம். மற்ற இடங்களில் சுவரின் நடு அடுக்கில் தசைச் செல்கள் வளையமாகச் சுற்றியிருக்கும். நுனியில் அந்த அடுக்கு பிளவுபட்டு ஓர் இடைவெளி தெரியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஃபோர்பஸ் 1930இல் இந்த இடைவெளியையே குற்றவாளியாக்கினார்: பிறவியிலேயே பலவீனமான இடம், அழுத்தத்தில் புடைக்கிறது. ஆனால் குமிழே இல்லாதவர்களிடமும், விலங்குகளிடமும்கூட இதே இடைவெளி காணப்பட்டதால் அந்த விளக்கம் வலுவிழந்தது.

ஹுய் மெங்கின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் அணுகியது. நாய்களின் கழுத்துத் தமனிகளை அறுவையால் இணைத்துப் புதிய கவடுகளை உண்டாக்கி, சில வாரங்களோ மாதங்களோ கழித்துச் சுவரை வெட்டிப் பார்த்தார்கள். ஓட்டம் நேராக வந்து மோதும் புள்ளியில் வேகம் அடங்கிவிடுகிறது. அங்கே உராய்வு குறைவு, சுவரும் தடித்தே இருந்தது. அந்தப் புள்ளியிலிருந்து ரத்தம் இரு பக்கமும் திரும்பி வேகம் பிடிக்கும் இடத்தில், உராய்வு மிக அதிகமாகி, மேலும் கூடிக்கொண்டே போகிறது. அங்கேதான் சுவருக்கு மீள்தன்மை தரும் உள் தகடு காணாமற்போய், நடு அடுக்கு மெலிந்து, குமிழின் தொடக்கம் போன்ற பள்ளம் தெரிந்தது. மோதும் இடமும் பழுதாகும் இடமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மனித உடலிலும் இயற்கையே நடத்திய சோதனைகள் உண்டு. முன்மூளைத் தமனிகள் வலம் இடமாக இரண்டு. இடையே ஒரு குறுகிய பாலம். சிலருக்கு ஒரு பக்கத்துத் தமனி பிறவியிலேயே சிறுத்திருக்கும். அப்போது மறுபக்கத் தமனியே இரு பக்கத்துக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கும். பாலத்தின் கவட்டில் ஓட்டமும் உராய்வும் எகிறும். அந்தப் பாலத்தில் குமிழ் உள்ளவர்களிடம் இப்படிப்பட்ட சமனற்ற அமைப்பு அடிக்கடி காணப்படுகிறது. ஒரு பக்கக் கழுத்துத் தமனி அடைபட்டவர்களுக்கோ கட்டப்பட்டவர்களுக்கோ பல ஆண்டுகள் கழித்து எதிர்ப்பக்கத்தில் புதிய குமிழ் தோன்றுவதும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் வடிவம் மட்டும் போதுமா? கியோத்தோவில் ஹாஷிமோத்தோ, ஹான்டா, ஹஸாமா ஆகியோர் 1978இல் எலிகளில் குமிழை வரவழைத்தபோது மூன்று செயல்களைச் சேர்த்தே செய்தார்கள்: ஒரு கழுத்துத் தமனியைக் கட்டினார்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றினார்கள், சுவரின் நார்களை வலுவிழக்கச் செய்யும் பொருளைத் தீவனத்தில் கலந்தார்கள். இந்தியாவில் 1000 மூளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான உடற்கூற்று ஆய்வு ஒன்றில், பாடநூல் காட்டும் முழு வளையம் பாதிக்கும் குறைவானவற்றிலேயே இருந்தது. பாதிப் பேருக்கு வளையம் குறைபட்டிருக்க, குமிழ் வருவதோ 100க்கு 3 பேருக்கு. வடிவம் மேடை அமைத்துத் தருகிறது. நாடகத்தை நடத்துபவை வேறு. புகையிலை, உயர் ரத்த அழுத்தம், குடும்ப வரலாறு, சிறுநீரக நீர்க்கட்டி நோய் ஆகியவை அங்கே வருகின்றன. பெண்களிடம் இது ஆண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதையும் வடிவத்தால் மட்டும் விளக்க முடியவில்லை.

வெடிப்பு: இரண்டு கட்சிகள்

குமிழ் தோன்றிய பின் நிகழ்வதைப் பற்றி ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தோக்கியோவின் ஷோஜிமா குழு 2004இல் 20 குமிழ்களைக் கணினியில் ஆராய்ந்து, குமிழின் உச்சியில் உராய்வு மிகக் குறைவு என்றும், அங்கே ரத்தம் தேங்குவதே சுவரைச் சிதைக்கிறது என்றும் கருதியது. அமெரிக்காவில் ஹுவான் செப்ரால் குழுவினர் 2005இல், வெடித்த குமிழ்களில் ஓட்டம் மெல்லிய பீச்சாகக் குவிந்து சுவரின் சிறு பகுதியைத் தாக்குகிறது என்றார்கள். 2011இல் முரண்பாடு முற்றியது. ஷியாங் குழு 119 குமிழ்களை ஆராய்ந்து, வெடித்தவற்றில் உராய்வு குறைவு என்றது. அதே ஆண்டு செப்ரால் குழு 210 குமிழ்களை ஆராய்ந்து, வெடித்தவற்றில் உராய்வின் உச்சம் அதிகம் என்றது.

மெங் 2014இல் இரண்டையும் இணைத்து ஒரு கருதுகோளை முன்வைத்தார். சிறிய, சுவர் மெலிந்த குமிழ்கள் அதிக உராய்வால் சிதைகின்றன. பெரிய, சுவர் தடித்த குமிழ்கள் தேக்கத்தாலும் அழற்சியாலும் சிதைகின்றன என்பது அதன் சாரம். அழகான சமரசம். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதிகமானாலும் வெடிக்கும், குறைந்தாலும் வெடிக்கும் என்னும் கோட்பாட்டைப் பொய்ப்பிக்க என்ன சான்று தேவைப்படும்? எந்தக் குமிழ் எந்த வழியில் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிந்தாலொழிய, நடந்து முடிந்ததை விளக்கவே அது பயன்படும்.

உண்மையான இடர்ப்பாடு சுவரில் இருக்கிறது. 10 மி.மீ. விட்டமும் 0.1 மி.மீ. சுவரும் கொண்ட ஒரு குமிழை எடுத்துக்கொள்வோம். இன்னொன்று 5 மி.மீ. விட்டம், 0.05 மி.மீ. சுவர். லாப்லாஸ் விதிப்படி இரண்டின் சுவர்களும் தாங்கும் இழுவிசைச் செறிவு ஒன்றே. முதலாவதைப் படத்தில் பார்த்தால் மருத்துவர் கவலைப்படுவார். இரண்டாவதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்பார். விட்டத்தைப் படம் காட்டும். சுவரின் தடிமனை வழக்கமான ஆஞ்சியோகிராம் காட்டாது. பின்லாந்தில் யுஹானா ஃப்ரோசன் குழு 2004இல் அறுவையில் எடுத்த சுவர்களை ஆராய்ந்தபோது, ஒழுங்காக அமைந்த சுவர் முதல் செல்களே அற்றுப்போன மெல்லிய சுவர் வரை நான்கு வகைகள் கிடைத்தன. வெடித்தவை கடைசி வகையின் பக்கம் குவிந்திருந்தன. ஓட்டத்தை எவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும், அது எப்படிப்பட்ட சுவரின் மேல் ஓடுகிறது என்று தெரியாதவரை கணக்கில் பாதி வெற்றிடம்தான்.

கணினி தீட்டும் படம்

ஆஞ்சியோகிராம் அறையில் இந்த ஓட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடைத் தமனி வழியாக ஏற்றிய குழலிலிருந்து சாயம் பாய்ந்ததும் குமிழின் கழுத்தில் ஓர் ஓரமாக நுழைகிறது. எதிர்ச்சுவரைத் தொட்டுச் சுழல்கிறது. தாய்த்தமனி வெளுத்த பின்னும் குமிழின் உச்சியில் கருமை கொஞ்ச நேரம் தங்கி நிற்கிறது. இந்த உள்ளுணர்வைத்தான் கணினி எண்களாக்குகிறது. முப்பரிமாணப் படத்திலிருந்து குமிழின் வடிவத்தைப் பிரித்தெடுத்து, ஓட்டச் சமன்பாடுகளைத் தீர்த்து, உராய்வைச் சிவப்பும் நீலமுமாகத் தீட்டித் தருகிறது.

வண்ணம் தீட்டியதும் அது அளந்தெடுத்த உண்மை போலத் தோன்றிவிடுகிறது. ஆனால் பல ஆய்வுகளில் நுழைவாயில் ஓட்டம் அந்த நோயாளியிடம் அளக்கப்பட்டதல்ல, வேறு யாருடைய சராசரியோதான். சுவர் இம்மியும் அசையாது என்று கொள்கிறார்கள். ரத்தத்தின் பாகுத்தன்மை எங்கும் ஒன்றே என்கிறார்கள். இவற்றைவிடப் பெரிய பிழை வடிவத்தைப் பிரித்தெடுப்பதில் நிகழ்கிறது. ஒரே நோயாளியின் 5 குமிழ்களின் படங்களை 26 குழுக்களிடம் கொடுத்து 2018இல் ஒரு பன்னாட்டுச் சோதனை நடந்தது. ஒரே கழுத்தை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு அகலத்தில் செதுக்கியது. உராய்வு ஆரத்தின் கனத்தைப் பொறுத்தது என்பதால் ஆரத்தில் 10 விழுக்காடு பிசகினால் விடையில் 30 விழுக்காடு பிசகும்.

இன்னொரு சிக்கல் தருக்கம் சார்ந்தது. வெடித்த குமிழ் என்று நாம் ஆராய்வது, வெடித்த பின் எடுத்த படத்தைத்தான். வெடிப்பே வடிவத்தை மாற்றிவிடக்கூடும் என்னும்போது, காரணம் என்று நாம் சுட்டுவது விளைவாகவும் இருக்கலாம். ஆளுக்கொரு அளவுகோலை உருவாக்கி எண்களைக் குவிப்பது தெளிவைவிடக் குழப்பத்தையே பரப்புகிறது என்று கதிரியக்க மருத்துவர் டேவிட் கால்ம்ஸ் 2012இல் கடிந்துகொண்டார். கடுமையான விமர்சனம்தான்; எனினும் நான் அவர் பக்கமே சாய்கிறேன்.

ஒரு துறையில் மட்டும் ஓட்டக் கணக்கு தன் மதிப்பை நிரூபித்திருக்கிறது. அது சிகிச்சை. தாய்த்தமனிக்குள் நெருக்கமான பின்னலுள்ள ஸ்டென்ட்டை வைத்துக் குமிழுக்குள் நுழையும் ஓட்டத்தைத் தணித்து, ரத்தம் அங்கேயே உறைந்து அடைபடச் செய்யும் முறைக்கு அமெரிக்கா 2011இல் ஒப்புதல் அளித்தது. ஓட்டத்தை முன்னறிவிப்புக்குப் பயன்படுத்தியதைவிட, அதை மாற்றுவதற்குப் பயன்படுத்தியதே பலன் தந்தது.

சென்னையிலிருந்து 1969இல் ஒரு கேள்வி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். அவர் 1969இல் அமெரிக்க நரம்பு அறுவை இதழ் ஒன்றில், இந்தியாவில் மூளைத் தமனி வீக்கம் மேலைநாடுகளில் காணப்படும் அளவுக்குக் காணப்படவில்லை என்று எழுதினார்.

இதற்கு இருவகை விளக்கம் கூறலாம். நம் தமனிகளின் அமைப்போ சுவரோ வேறுபட்டது என்பது ஒன்று. வெடித்தவர் மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே இறந்தார், எட்டியவருக்கும் ஆஞ்சியோகிராம் எடுக்கப்படவில்லை, இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பம் இசையவில்லை என்பது மற்றொன்று. சி.டி. ஸ்கேன் பரவலாக வந்த பின் நம் மருத்துவமனைகளில் இந்த நோயாளிகள் அரிதாக இல்லை என்பதால் இரண்டாவது விளக்கமே வலுப்பெறுகிறது. ஆனால் கேள்வியின் ஒரு பாதி இன்றும் உயிரோடிருக்கிறது. குமிழ் வெடிக்கும் வாய்ப்பைக் கணிக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் பேசஸ் மதிப்பெண் 2014இல் வந்தது. 6 ஆய்வுகளின் 8,382 பேர் அதன் அடிப்படை; அனைவரும் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் நாட்டவர். ஜப்பானியருக்கும் பின்லாந்தினருக்கும் அது தனி மதிப்பெண் தருகிறது. அவர்களுக்கு ஆபத்து அதிகம். இந்தியருக்குத் தனிப் பத்தி இல்லை. சேலத்தில் ஒருவருக்கு அதைக் கணக்கிடும் மருத்துவர், அவரை இனத்தால் ஐரோப்பியர் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறார்.

மலையும் காப்பியும்

ஏற்காட்டுக்காரரின் கேள்விகளில் இயற்பியல் தயங்காமல் பதில் சொல்லக்கூடியது மலையைப் பற்றியது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் குமிழின் சுவர் தாங்குவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். காற்றழுத்தம் குறைந்தால் ரத்தத்திலும் மூளையைச் சுற்றிய நீரிலும் ஒரே அளவில் குறைகிறது, வேறுபாடு மாறுவதில்லை. ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் மூளைக்கு ஓடும் ரத்தம் கூடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உயரம் அந்த எல்லையை எட்டுவதில்லை. உயரத்தை மட்டும் காரணம் காட்டி அவரைக் கீழே குடியேறச் சொல்வதற்கு இயற்பியலில் ஆதாரமில்லை. வெடித்தால் மலையிறங்கி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வந்துதான் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய வேண்டும் என்பது வேறு வகையான கவலை.

காப்பி சுவையான சிக்கல். சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலையின் வாழ்வே அதில்தான். நெதர்லாந்தின் உட்ரெக்டில் குமிழ் வெடித்த 250 பேரிடம் விசாரித்து 2011இல் வெளியான ஆய்வில், வெடிப்பைத் தூண்டியவற்றில் காப்பிக்கு முதலிடம்: 10.6 விழுக்காட்டு வெடிப்புகளுக்கு அதன் பங்கு உண்டு என்றது. செய்தித்தாள்களுக்கு இது போதும். ஆனால் காப்பி குடித்த பின் ஆபத்து 1.7 மடங்குதான் கூடியது. திடுக்கிட்டபோது 23 மடங்கு கூடியது. எல்லோரும் தினமும் குடிப்பதால் மட்டுமே காப்பியின் பங்கு பெரிதாயிற்று. உடற்பயிற்சி, மூக்கைச் சிந்துதல், மலம் கழிக்க முக்குதல், கோபம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாமே சில நிமிடங்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. வெடிக்கத் தயாராக இருக்கும் சுவருக்கு அது கடைசித் தள்ளல்; சுவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது வேறு. நெதர்லாந்துக்காரரின் காப்பியும் நம் வீட்டு டம்ளர் காப்பியும் ஒன்றா என்பதையும் யாரும் அளக்கவில்லை.

ஓட்டச் சமன்பாட்டில் நோயாளியால் மாற்றக்கூடிய உறுப்பு அழுத்தம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த மாநில அளவிலான கணக்கெடுப்பில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுசேர்க்கிறது. குமிழுக்காகத் தீட்டப்பட்ட திட்டமல்ல அது. ஆனாலும் 4 மி.மீ. குமிழோடு மலையில் வாழ்பவருக்கு எந்த வண்ணப்படத்தையும்விட அதனால் பயன் அதிகம். புகைப்பவராயின் நிறுத்துவதும் அதே வரிசையில் வரும்.

மற்றபடி நம்பத்தக்க எச்சரிக்கைகள் இரண்டு. ஒன்று, குமிழின் மேல் இன்னொரு சிறு மொட்டு: 5,720 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2012இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வில் அது இருந்தவர்களுக்கு வெடிப்பு வாய்ப்பு 1.6 மடங்கு. மற்றொன்று வளர்ச்சி. வளரும் குமிழ் நிலையாக இருப்பதைவிட ஆபத்தானது என்பதில் கருத்து வேறுபாடில்லை. வளர்ச்சியை அறிய உயர் கணிதம் தேவையில்லை. ஒரே வகைப் படத்தை உரிய இடைவெளியில் மீண்டும் எடுத்து, பழையதன் அருகில் வைத்து அளந்தால் போதும். மறுபரிசோதனைக்கு வருபவர் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுவந்துவிட்டு, படம் இருக்கும் குறுந்தகட்டை வீட்டில் விட்டுவிட்டால், 4 மி.மீ. இப்போது 5 ஆயிற்றா அல்லது அளந்த கை மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.